கோட்டோரத்தில் பெர்னதெத்

பெர்னதெத்தைப் பற்றிச் சொல்ல நீ யார் என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. பதினாறு வருடம் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். லிங்கராஜபுரத்தில் ஒரே கேட்டுக்குள் ஆறு குடித்தனம், அதைத்தான் எங்கள் ஊரில் வட்டாரம் என்போம். இரண்டு பேருக்கும் ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை, ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் மாதா கோயிலுக்குப் போவாள், நான் துணி துவைப்பேன். என் பெயர் மரகதம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வட்டாரத்தில் சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்தக் கால்பந்து மைதானத்தில் போய்க் கேட்டாலும் அவளை 'லைன் ஆன்ட்டி' என்பார்கள். நாற்பது தாண்டிக் கையில் கொடியோடு கோட்டோரம் ஓடுகிற பெண்பிள்ளையைப் பார்த்துச் சிரித்த காலம் போய், அவள் வந்தால் பையன்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிற காலம் வந்துவிட்டது. இது எப்படி ஆரம்பித்தது என்பது எனக்குத்தான் முழுசாகத் தெரியும்.

கம்பெனியில் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் மேசைக்கு வரும். காலர் முனை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, பட்டன் பட்டி நேராக ஓடுகிறதா என்று பார்த்து, கோணல் என்றால் ஒதுக்கிவிட வேண்டும். நானும் செக்கர்தான். ஆனால் என் மேசையில் பத்து சட்டை ஒதுங்கினால் அவள் மேசையில் இருபது ஒதுங்கும். தைக்கிற பெண்கள் அவளைத் திட்டித் தீர்ப்பார்கள். கெஞ்சியும் பார்ப்பார்கள். ஒருநாளும் அவள் மனம் இளகி ஒரு கோணல் காலரை விட்டதில்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை, டேரில். புருஷன் ஆம்ப்ரோஸ் ஹூப்ளிக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார். ஆக அம்மாவும் பிள்ளையும்தான் உலகம். பதின்மூன்று வயது வரை அந்தப் பையன் அவள் முந்தானையை விட்டதில்லை. ஸ்கூலில் எந்த வாத்தியார் யாரை அடித்தார் என்பது வரைக்கும் சுவர் வழியாக எனக்கே மனப்பாடம். தொண்ணூற்று நாலில் அவனுக்குப் பதினாலு ஆனது. கால்பந்து பூட்ஸ் ஒரு ஜோடி வந்தது, குரல் உடைந்தது, பேச்சு நின்றது.

"சாப்ட்டியா?"

"ம்."

"மேட்ச் இன்னா ஆச்சு?"

"ஜெயிச்சோம்."

"யாரு கோல் போட்டது?"

"உனக்குச் சொன்னாலும் புரியாதும்மா. வுடு."

என் மகன் கிஷோர் அதே டீமில் கோல்கீப்பர். அவனும் அப்படித்தான் இருந்தான். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். என் வீட்டில் தோளுக்கு மிஞ்சியவன் வாடகைக்குக் குடியிருக்கிறவன் போல வந்து போனான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெர்னதெத்தால் அப்படி விட முடியவில்லை.

"எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லங்கற மாதிரி பாக்கறான், மரகதம்" என்றாள் பஸ்ஸில்.

"வயசு, பெர்னா. தானா சரியாவும்."

"நம்ம டேபிள்ல எந்தக் காலராவது தானா சரியாயிருக்கா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். பூசைக்கு உடுத்திய பட்டுச் சேலை. கையில் ஒரு பை நிறையக் கடலை மிட்டாய், பிள்ளை கோல் போட்டால் எல்லோருக்கும் கொடுக்க. அவள் நினைத்த மாதிரியே டேரில் ஓடினான், அடித்தான், பந்து வலைக்குள் போனது. அதே நேரத்தில் எங்கள் பக்கத்துக் கோட்டில் நின்றவர் கையிலிருந்த கொடியை விறைப்பாக மேலே தூக்கினார். மாதா கோயில்காரிக்குக் கொடி ஏறினால் திருவிழா ஆரம்பம் என்று அர்த்தம். பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டு, கைதட்டி, முதல் மிட்டாயைக் கொடி தூக்கியவருக்கே கொடுத்தாள்.

"எம் புள்ளதான் சார்" என்று சொல்லி இன்னொன்றும் வைத்தாள்.

அது கோல் செல்லாது என்று சொல்கிற கொடி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எதிர் டீம் பையன்களுக்கெல்லாம் அவள் மிட்டாய் கொடுத்து முடித்த பிறகுதான் மைதானம் ஏன் சிரிக்கிறது என்று புரிந்தது. டேரில் சிரிக்கவில்லை. கோட்டோரம் வந்து, அம்மா முகத்தைப் பார்க்காமல், "இனிமே கிரவுண்டுக்கு வராத" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நானாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் மேட்ச் முடியும் வரை காத்திருந்து, கொடிக்காரரிடம் போய், "ஏன் சார் செல்லாது?" என்று கேட்டாள். அவர் பெயர் சந்திரசேகரன். தபால் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. மிட்டாயைச் சாப்பிட்ட கடனுக்கோ என்னவோ பொறுமையாகச் சொன்னார். கோல்கீப்பரை விட்டுவிட்டு எண்ணினால் எதிர் டீமின் கடைசி ஆள் ஒருவன் இருப்பான். நம் ஆளுக்குப் பந்தை உதைக்கிற அந்த நொடியில் நம் ஆள் அவனைத் தாண்டி முன்னால் இருந்தால் ஆஃப்சைட். இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் இருந்தால் தப்பில்லை.

"கஷ்டம் எதுன்னா, கண்ணு ரெண்டு எடத்துல இருக்கணும்மா. உதைக்கறவன் கால் மேல ஒண்ணு, ஓடறவன் மேல ஒண்ணு."

"ரெண்டு முனையும் ஒரே நேரத்துல பாக்கறது. எனக்கு அதான் சார் வேல" என்றாள் பெர்னதெத்.

அன்றிலிருந்து எனக்குச் சனியன் பிடித்தது. சந்திரசேகரன் கொடுத்த விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் பட்டன்களைப் பரப்புவாள். வெள்ளைப் பட்டன் நம் டீம், நீலப் பட்டன் எதிர் டீம், பெரிய கோட் பட்டன் இரண்டும் கோல்கீப்பர்கள். நான் நீலத்தை நகர்த்த வேண்டும். ஒருநாள் சூப்பர்வைசர் சந்திரம்மா வந்து பின்னால் நின்றுவிட்டார்.

"ஏன்மா, கம்பெனி பட்டன்ல ஏனு ஆட்டா, என்ன வெளையாட்டு இது? தாயமா?"

"ஆஃப்சைட், மேடம்" என்றாள் பெர்னதெத்.

சந்திரம்மா ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு உட்கார்ந்து, இந்த வெள்ளைப் பட்டன் ஏன் தப்பு என்று கேட்டார். அந்த வாரத்துக்குள் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏழு பெண்களுக்கு ஆஃப்சைட் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை.

ஆறு மாதம் கழித்து சந்திரசேகரன் நடத்திய ரெஃப்ரி வகுப்பில் பதினாலு ஆண்பிள்ளைகளும் ஒரு பெர்னதெத்தும் உட்கார்ந்தார்கள். எழுத்துப் பரீட்சையில் அவள் இரண்டாவது. அடுத்தது ஓட்டப் பரீட்சை. பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டு, கான்வாஸ் ஷூ மாட்டி, விடியற்காலையில் எங்கள் தெருவில் ஓடினாள். வட்டாரத்தில் பேசாத பேச்சில்லை. பால்காரரே சைக்கிளை நிறுத்தி, யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டார். பரீட்சையன்று அவள் பன்னிரண்டு நிமிடமும் ஓடினாள். அவளைவிட இளையவர்கள் மூன்று பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று எனக்கு இருந்த பெருமை என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

ஆனால் யாருக்காக இத்தனையும் செய்தாளோ அவன் இன்னும் தூரம் போனான். அவள் சின்னப் பசங்க மேட்சுகளுக்குக் கொடி பிடிக்கப் போக ஆரம்பித்ததும், "உங்கம்மா கொடிகாத்த குமாரியாடா?" என்று ஸ்கூலில் கேலி. டேரில் இப்போது 'ம்' கூடச் சொல்லுவதில்லை, தலையாட்டினான். மகன் ஆடுகிற மேட்சுக்கு அம்மா கொடி பிடிக்கக் கூடாது என்பது சந்திரசேகரன் போட்ட சட்டம். அதனால் மைதானத்திலும் இருவரும் பார்த்துக்கொள்ள வழியில்லை. நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ கிட்டப் போகப் போக அவன் எட்டிப் போறான். சும்னே இரு, பெர்னா."

தொண்ணூற்று ஆறு செப்டம்பரில் எங்கள் பக்கத்து லீகின் ஃபைனல் மேட்ச். டேரில் இப்போது கேப்டன், பதினாறு வயது. ஜெயித்தால் டீம் மேல் டிவிஷனுக்குப் போகும். மேல் டிவிஷனில் ஆடுகிற பையன்களைத்தான் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். பந்தை நன்றாக உதைத்தே வேலை வாங்கியவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் உண்டு. டேரிலுக்குப் படிப்பு சுமார். அவனுக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

மேட்சுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லைன்ஸ்மேன் ஒருவர் வரும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ரெஃப்ரியாக வந்திருந்த சந்திரசேகரன் சுற்றிப் பார்த்தார். பரீட்சை பாஸானவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. முந்தின மேட்சில் சின்னப் பசங்களுக்குக் கொடி பிடித்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெர்னதெத் மட்டும் இருந்தாள்.

எதிர் டீம் அடுகோடிக்காரர்கள். அவர்கள் கோச் கோதண்டராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கேப்டனோட அம்மா கொடி புடிக்கறதா? காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான் சார்."

"அப்ப மேட்ச ஒத்திவெக்கறேன். அடுத்த மாசம்தான் கிரவுண்ட் கெடைக்கும்" என்றார் சந்திரசேகரன்.

கோதண்டராமன் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். சந்திரசேகரன் டேரில் பக்கம் திரும்பி, "உனக்கு ஓகேவா, கேப்டன்?" என்று கேட்டார்.

டேரில் தன் பூட்ஸைப் பார்த்தான். "வேற ஆளே இல்லையா சார்?"

அவள் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் காதைத் திருகியிருப்பேன். பெர்னதெத் ஒன்றும் கேட்காதவள் போல ஷூ லேஸை இழுத்துக் கட்டினாள்.

லைன்ஸ்மேன்கள் ஆளுக்கு மைதானத்தின் ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முதல் பாதியில் டேரில் டீம் எதிர்ப்பக்கக் கோலை நோக்கி ஆடியது, அவள் பக்கம் அடுகோடிக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது அவள் பார்வையில் அவள் பிள்ளை. இரண்டு டீமும் ஆளுக்கு ஒரு கோல். முடிய நாலு நிமிடம் இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. டேரில் காற்றாகப் போனான். ஒரே உதை, பந்து மூலையில் நுழைந்தது. எங்கள் ஆட்கள் எழுந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். டேரில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான், ஓடி வந்தவன் பாதியில் நின்றான்.

பெர்னதெத்தின் கொடி மேலே இருந்தது. கை ஆடவில்லை, முழங்கை மடங்கவில்லை.

சந்திரசேகரன் விசில் ஊதி, கோல் இல்லை என்று கையைக் காட்டினார். பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "பெத்த புள்ளையவே கவுத்துட்டீங்களே ஆன்ட்டி" என்று ஒருவன் அழுதுகொண்டே சொன்னான். புகார் சொல்லத் தயாராக வாயைத் திறந்துவைத்திருந்த கோதண்டராமன் அதை அப்படியே மூடினார். டேரில் பையன்களைக் கையைப் பிடித்து இழுத்து நகர்த்திவிட்டு, தன் இடத்துக்குப் போனான். ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி உதைக்கு வந்தது. கிஷோர் நாலு பந்தை விட்டான். தோற்றோம்.

நாலு நாள் டேரில் வாயைத் திறக்கவில்லை. ஆம்ப்ரோஸ் ஹூப்ளியிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, "உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். வியாழக்கிழமை பஸ்ஸில் பெர்னதெத் என்னைக் கேட்டாள்.

"நான் தப்பு பண்ணிட்டேனா, மரகதம்?"

"ஆமா. கொடி கீழயே இருந்திருந்தா யாரு கேக்கப் போறா? அவன் வாழ்க்கை, பெர்னா."

அப்படிச் சொன்னதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள இரண்டு வருடம் ஓடியவள், ஒரு கொடியைத் தூக்கி அவனைத் தொலைத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் கதவு திறந்திருந்தது. நாலு நாளுக்குப் பிறகு முதல்முறையாக டேரிலின் குரல் கேட்டது.

"நீ கொடி தூக்காம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"எவனும் கேட்டிருக்க மாட்டான்."

"நீ கேட்டிருப்ப. என்னிக்காவது ஒருநாள், அம்மா அது கரெக்டான கோல்தானான்னு கேட்டிருப்ப. நான் அன்னிக்கு உன் மூஞ்சிய பாத்து இன்னா சொல்றது?"

நான் கத்தியை நிறுத்திவிட்டேன்.

"எவ்ளோ முன்னாடி இருந்தேன்?"

"ஒரு சாண்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நீ சீக்கிரம் கெளம்பற. பந்து குடுக்கறவன் தலைய குனிஞ்சதுமே ஓடற. தலைய பாக்காத, கால பாரு. அவன் கால பின்னால இழுக்கும்போது கெளம்பினா சரியா இருக்கும். நீ எப்பவும் இத பண்ற."

"எப்பவும்னா? நீ ரெண்டு மேட்ச்தான பாத்த?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் பாத்திருக்கேன். காம்பவுண்டு சுவருக்கு வெளிய நின்னு. கிரவுண்டுக்கு வராதன்னுதான சொன்ன. ரோட்டுல நிக்காதன்னு சொல்லலியே."

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கே தெரியாது. பீன்ஸ் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வராது, எனக்கு வந்தது.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இந்த வருஷம் லீக்ல ஃபர்ஸ்ட் மேட்ச், ஜீவனஹள்ளி டீமோட, நான் போட்டது? அது கரெக்டா?" என்று டேரில் கேட்டான். அதுவும் ஆஃப்சைட்தான், லைன்ஸ்மேன் தூங்கிவிட்டான் என்றாள் அவள். இல்லை என்றான் அவன். ஆமாம் என்றாள் அவள். தட்டையும் டம்ளரையும் மேசையில் நகர்த்தி நகர்த்திச் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அப்படி ஒரு நல்ல சண்டையை நான் அந்தச் சுவர் வழியாக அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் அவன், "சனிக்கிழம சாயந்தரம் ப்ராக்டிஸ். நீ வந்து லைன்ல நில்லு. நான் ஓடறேன், தப்புன்னா தூக்கு" என்றான்.

"எத்தன மணிக்கு?" என்றாள் பெர்னதெத், ஏதோ ஆபீஸ் விஷயம் போல.

அடுத்த வருடம் டேரில் மேல் டிவிஷனுக்குப் போனான், வேலையும் கிடைத்தது. அதை ஊரே சொல்லும். நான் சொல்ல வந்தது அதே வியாழக்கிழமை என் வீட்டில் நடந்தது.

கிஷோர் வந்தான், தட்டின் முன்னால் உட்கார்ந்தான். நாலு பெனால்டி விட்ட பையன். அன்றிலிருந்து எல்லோரும் கொடியைப் பற்றியே பேசினார்கள், அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வயசு, தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தேன்.

"டேய், எந்தப் பக்கம் பாயணும்னு எப்டிடா முடிவு பண்ற?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கிண்டலா, நிஜமா என்று முகத்தைத் தேடினான். அப்புறம் சோற்றுக் கையோடு எழுந்து, கதவு நிலைக்கு நடுவில் போய் நின்றான்.

"இங்க வா. நீ பந்து போடறவன்னு வெச்சுக்க" என்றான்.